மழைக்குக் காவல் வைத்த மிளகாய்

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும், நலம் விசாரித்த கையோடு கேட்பது, "அங்க இப்ப என்ன சீசன்?" என்பதைத்தான். நானும் கிள்ளானுக்கு வந்த நாளிலிருந்து பதில் சொல்லிப் பார்க்கிறேன், ஒருவருக்கும் புரிந்தபாடில்லை. இங்கே சீசன் என்று ஒன்று மாதக்கணக்கில் வந்து உட்காருவதில்லை. எல்லாம் ஒரே நாளுக்குள் வந்து போய்விடும். காலையில் துணி காயப்போடும்போது பங்குனி வெயில். மதியம் சாப்பிட்டு எழுந்தால் இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்தது போல ஒரு புழுக்கம். பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு வானம் கறுத்து, இடித்து, ஐப்பசி அடைமழை. விளக்கு வைக்கும்போது எட்டிப் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போல ரோடு கிடக்கும், தவளை மட்டும் கத்தும். மறுநாளும் இதே கதைதான்.

நான் பரமக்குடிப் பக்கம். அரசாங்க உத்தியோகத்தில் எவராவது வாலாட்டினால், "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திப்புடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டுவாரே, அந்தக் காடு எங்கள் ஊர்தான். பிறந்ததே அங்கே என்பதால் எங்களை மிரட்ட யாருக்கும் வழியில்லை. எங்கள் வீட்டில் மழை பெய்யும்போது "சே, இந்த மழை வேற" என்று யாராவது முனகிவிட்டால் போச்சு, அம்மா வாயிலேயே ஒன்று போடுவாள். வீடு தேடி வந்தவளை வாசலில் நிறுத்தி ஏசுவதாம் அது. அந்த அடி இன்னும் மறக்கவில்லை. மழையைப் பார்த்துப் போ என்று என் வாயால் நான் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, கைக்குழந்தையோடு நான் இங்கே வந்து இறங்கிய புதிது. முதல் மழை வந்தது. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குடம், வாளி, குக்கர், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என்று வீட்டில் இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் வரிசையாகக் கொண்டுபோய் வைத்துப் பிடிக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். என்னமோ கேட்டார், எனக்குப் புரியவில்லை, சிரித்துத் தலையாட்டி வைத்தேன். உடனே அவரும் உள்ளே ஓடிப்போய் வாளிகளைக் கொண்டுவந்து பிடிக்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து எதிர்வீட்டு சீனர். அவரைப் பார்த்து அடுத்த வீடு. என் வீட்டுக்காரர் வேலைவிட்டு வந்து பார்க்கும்போது வரிசை முழுக்க வாளியும் அண்டாவுமாக நிற்கிறது. விசாரித்தால், குழாயில் தண்ணீர் நிறுத்தப் போகிறார்களா என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டிருக்கிறார், நான் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்! இங்கே அடிக்கடி அப்படி நிறுத்துவதும் உண்டு.

அந்த அம்மாள்தான் கக் ரோஹானி. கக் என்றால் அக்கா. இன்றைக்கும் மழை வந்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "லட்சுமி, வாளி எடுக்கட்டுமா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

2

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வருகிறவர்களைப் பதிவு செய்யும் முன்மேசை வேலை எனக்கு. கிள்ளானில் ரயில் ஏறும்போது வெயில் அடிக்கும், பெட்டாலிங் ஜெயா தாண்டும்போது ஜன்னலில் மழை அறையும், இறங்கும்போது மறுபடி வெயில். ஒரே டிக்கெட்டில் மூன்று வானம் பார்க்கலாம்.

கிளினிக்குக்கு நேரம் தவறி வருகிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான். "ஹுஜான், மிஸ்." மழை. அதற்கு மேல் விளக்கம் கிடையாது, யாரும் கேட்பதும் கிடையாது. டாக்டரே சில நாள் அதைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைவார். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் குணம்தான். மழையோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை. நெடுஞ்சாலையில் மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் வரிசையாக ஒதுங்கி நிற்பதைப் பார்க்க வேண்டும். மலாய்க்காரர், சீனர், நம்மவர், வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்தவர், எல்லாரும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அப்படியே நிற்பார்கள். ஒருவர் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் நீட்டுவார். திட்டுகிறவர் கிடையாது. மழை தன் வேலையை முடிக்கட்டும், நம் வேலை காத்திருக்கும் என்கிற மாதிரி.

நான் வேலையில் இருக்கும்போது மழை வந்தால், என் கொடியில் கிடக்கும் துணியைக் கக் ரோஹானி எடுத்து மடித்து வைத்துவிடுவார். என் உள்பாவாடையிலிருந்து இவருடைய ஓட்டை பனியன் வரை எங்கள் வீட்டு மானம் முழுக்க அந்த அம்மாள் கையில்தான் இருக்கிறது. அவர் மகள் வீட்டுக்குப் போகும் நாளில் அவர் வீட்டுத் துணி என் பொறுப்பு. இதை நாங்கள் ஒருநாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை.

என் மகள் தாரணி இந்த மழையில்தான் வளர்ந்தாள். வெயில் அடிக்கும்போதே மழை தூறினால், "காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்" என்று நான் சொல்லிக்கொடுத்ததைக் கத்திக்கொண்டே வெளியே ஓடுவாள். கக் ரோஹானி அவளைப் பிடித்து நிறுத்தி, காதில் ஒரு பச்சை இலையைச் செருகிவிடுவார். வெயில் மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும், இலை காக்குமாம். காதில் மலாய் இலையும் வாயில் தமிழ் நரியுமாக வளர்ந்த பிள்ளை அது. ஆனால் வளர வளர அவளுக்கு மழை என்பது வெறும் வாகன நெரிசலாகிவிட்டது. நான் வாசல் போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்தால், "மா, ரெயின்னா ஜாம் லா. இதுல பார்க்க என்ன இருக்கு?" என்பாள், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் ஒட்டவைத்து. அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? தினம் வருகிற விருந்தாளிக்கு யார் எழுந்து நிற்பார்கள்?

குறையே இல்லாத வானம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். சில வருடம் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து காட்டுத் தீயின் புகை வந்து வாரக்கணக்கில் மூச்சை அடைக்கும். ஒரு முறை வெள்ளம் ஷா ஆலம் பக்கம் வீடுகளின் மாடிவரை ஏறியது. அதெல்லாம் தெரிந்தும் சொல்கிறேன், இப்படி ஒரு வானம் வாய்த்தது என் பாக்கியம்.

3

சென்ற வருடம் தாரணிக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை ரூபன் பிரிக்பீல்ட்ஸ் பையன். அவனுடைய கொள்ளுத்தாத்தா ரயில்வே வேலைக்காகக் கப்பலேறி வந்தவர். நல்ல குடும்பம். நிச்சயதார்த்தத்தை எங்கள் வீட்டு வாசலிலேயே, ரோட்டில் டென்ட் போட்டு நடத்துவது என்று முடிவானது. இங்கே வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

தப்பு எங்கே நடந்தது என்றால் நேரத்தில். எங்கள் ஊர் ஜோசியர் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை என்று குறித்துக்கொடுத்தார். என் வீட்டுக்காரர், இரண்டு நாட்டுக்கும் உள்ள நேர வித்தியாசம் என்று அதோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினார். நாலு மணி. பரமக்குடி நல்ல நேரத்தை அப்படியே விமானம் ஏற்றிக் கிள்ளானில் இறக்கிவிட்டார் மனுசன். இந்த நாட்டில் பிறந்த எவரும் நவம்பர் மாதத்தில் நாலு மணிக்குத் திறந்த வெளியில் ஒரு விசேஷம் வைக்கமாட்டார்கள். இத்தனை வருடம் இங்கே சோறு தின்ற எங்களுக்கு அது உறைக்கவில்லை. நல்ல நேரம் என்று வந்துவிட்டால் நாங்கள் இன்னும் பரமக்குடியில்தான் இருக்கிறோம் போல.

ரோட்டை அடைக்க நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்கப் போனோம். கவுன்டரில் இருந்த மலாய் அதிகாரி மனுவைப் படித்துவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார். "நவம்பரில், நாலு மணிக்கா?" என்றார். இவர் தன் மலாயில், "மாசா பாயிக்" என்றார். நல்ல நேரம் என்று சொன்னாராம். அதிகாரி பேனாவை ஜன்னல் பக்கம் நீட்டிக் காட்டினார். வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. "இதற்கும் இதுதான் நல்ல நேரம்" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

டென்ட்காரர் கணேசன் அண்ணனாவது சும்மா இருந்தாரா? "என்னக்கா நீங்க, இந்த மாசத்துல நாலு மணிக்குத் தவளைங்கதான் கல்யாணம் வைக்கும் லா" என்றார். கூட வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. எங்கள் ஊரில் நிஜமாகவே தவளைக்குக் கல்யாணம் செய்துவைப்பார்கள், மழை வரவேண்டும் என்று.

4

தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. எனக்கு ஒரே அண்ணன், முனியசாமி. விமானம் என்றால் அண்ணாந்து பார்க்கிற வஸ்து என்று இருந்தவன், மருமகளுக்காக ஏறி வந்தான். பை நிறைய முண்டு மிளகாய் கொண்டுவந்தான். குண்டு குண்டாக, ரத்தச் சிவப்பில், அவனுடைய காட்டிலேயே விளைந்து காய்ந்தது. "கடையில வாங்குறதெல்லாம் மொளகாயா? இதக் கிள்ளிப் போட்டுப் பாரு" என்றான். பையைப் பிரித்ததும் வீடு பூராவும் தும்மியது.

அவன் காடு மானாவாரி. கிணறும் கிடையாது, கால்வாயும் கிடையாது, வானம் பார்த்துத்தான் விவசாயம். புரட்டாசியில் விதைத்து, வந்த ஒரு மழையில் முளைத்து, சாண் உயரத்தில் நின்று அடுத்த மழைக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது பயிர். முந்தின வருடங்களும் இதே கதைதான். சுற்றி இருந்த காடுகளை எல்லாம் சோலார் கம்பெனிக்காரன் குத்தகைக்கு எடுத்துக் கண்ணாடிப் பலகையாகப் பரப்பிவிட்டான். நடுவில் அண்ணன் காடு மட்டும் தனியாக நின்றது.

"கார்த்திகை முடியறதுக்குள்ள ரெண்டு மழை பேஞ்சா நான் பொழச்சேன் லெச்சுமி. இல்லேன்னா கையெழுத்துப் போட்டுக் குடுத்துற வேண்டியதுதான். கம்பெனிக்காரன் வாரம் தவறாம வந்து நிக்கிறான்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான், ஆனால் கையிலிருந்த காபியைக் குடிக்கவே இல்லை.

அன்று பிற்பகல் வழக்கம்போல மழை பிடித்தது. அண்ணன் போர்ச்சில் போய் நின்றான். வெகு நேரம் ஆளைக் காணோம் என்று போய்ப் பார்த்தால், குடையும் பிடிக்காமல் வீட்டுக்கு முன்னால் ஓடும் பெரிய சாக்கடைக் கால்வாயை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கால்வாய் விளிம்பு தட்டிப் பாய்ந்துகொண்டிருந்தது.

"ஏ லெச்சுமி, இந்தத் தண்ணி எங்க போகுது?"

"கிள்ளான் ஆத்துக்கு."

"அங்க இருந்து?"

"கடலுக்கு."

"நடுவுல ஒரு கம்மா கூடவா கெடையாது?"

கம்மா என்றால் கண்மாய். இல்லை என்று தலையாட்டினேன். "அடியாத்தி! இம்புட்டையும் கொண்டுபோய்க் கடல்லயா கொட்டுறாய்ங்க!" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டான். இரவு சாப்பாட்டிலும் அதே பேச்சுதான். சாயங்காலமானால் ஊருக்குப் போன் போடுவான். மதினியிடம் நலம்கூடக் கேட்கமாட்டான். "மேகம் கூடுதா?" என்பான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சரி" என்று வைத்துவிடுவான்.

5

விசேஷத்தன்று காலை கக் ரோஹானி வந்தார். கையில், சாத்தே என்று இங்கே இறைச்சியைக் குத்திச் சுடுவார்களே, அந்த மூங்கில் குச்சிகளும் சின்ன வெங்காயமும் இருந்தன. சிவப்பு மிளகாய் இருக்கிறதா என்று கேட்டார். நான் கொண்டைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தேன். என்ன கேட்கிறார் என்று அண்ணன் சைகையிலேயே புரிந்துகொண்டு, "மொளகாதான? நம்மகிட்ட இல்லாததா?" என்று ஒரு கை அள்ளி, பெருமையோடு அவர் தட்டில் போட்டான்.

கக் ஒவ்வொரு குச்சியிலும் வெங்காயத்தையும் மிளகாயையும் குத்தினார். கல்யாணமாகாத பெண் கையால் நட வேண்டுமாம், தாரணியைக் கூப்பிட்டார். தலையில் பாதி பூவும் முகத்தில் பாதி மேக்கப்புமாக அவள் ஓடிவந்து, கேட் ஓரத்து மண்ணில் குச்சிகளை மிளகாய் மேலே தெரிய நட்டாள். "இதுவும் பலிக்காவிட்டால் வீட்டுக்காரருடைய ஜட்டியைக் கூரைமேல் எறிய வேண்டியிருக்கும்" என்றார் கக், சிரிக்காமல். இவர் அவசரமாக உள்ளே போய்விட்டார்.

அண்ணன் என்னிடம் மெல்ல, "என்ன, திருஷ்டிக்கா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் தாரணி முந்திக்கொண்டாள். "இல்ல மாமா, ரெயின் வராம இருக்கறதுக்கு. இங்க எல்லாரும் செய்வாங்க."

அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டென்ட் பக்கம் போய்விட்டான்.

மதியம் தாண்டியது. வெயில் சுள்ளென்று அடித்தது. கக் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் கார்கள் வந்து நிற்கத் தொடங்கியபோதுதான் ஷா ஆலம் பக்கம் வானம் கறுத்தது. காற்று ஜில்லென்று மாறியது. தட்டெடுக்க அண்ணனைத் தேடினால், பட்டு வேட்டியோடு கேட் ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறான்.

"என்ன அண்ணே இது? எல்லாரும் வந்துட்டாக, எந்திரி."

அவன் நிமிரவில்லை. "நம்ம மொளகா லெச்சுமி. என் கையாலதான் அள்ளிக் குடுத்தேன்."

"அதுக்கென்ன இப்ப?"

"அங்க இதே வெத மழைக்குத் தவம் கெடக்கு. இங்க வந்து மழைய மறிச்சிக்கிட்டு நிக்கிது. நானே மறிச்சிட்டு, நாளைக்கு என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு வானத்தப் பாப்பேன்?"

இதெல்லாம் சும்மா ஒரு நம்பிக்கை அண்ணே என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அவன் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி இருந்தான். இந்தப் பக்கம் பார்த்தால் டென்ட், பூ அலங்காரம், காலையிலிருந்து வாரி முடித்த என் மகளின் தலை. அவனே எழப் பார்த்தான். "இருக்கட்டும். மருமக விசேசம், நான் ஒரு கிறுக்கன்" என்றான்.

"புடுங்கிரு அண்ணே" என்றேன்.

"ஏய், கூட்டம் பூரா நனஞ்சு போகும்டி."

"நனஞ்சா காயும். நீ புடுங்கு."

பிடுங்கினான். ஒவ்வொரு குச்சியாக உருவினான். காய்ந்த மிளகாய் அவன் விரலுக்குள் நொறுங்கி மண்ணில் உதிர்ந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டபோது அவன் கண் கலங்கியிருந்தது, மிளகாய் நெடிதான் என்றான்.

6

நாங்கள் பிடுங்கியதால் மழை வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது எங்களைக் கேட்டா வருகிறது? வரவேண்டிய நேரத்துக்கு வந்தது. ஆனால் வந்த வேகம் இருக்கிறதே! டென்ட் கூரை தொட்டி மாதிரித் தண்ணீரைத் தாங்கித் தொங்கியது. கணேசன் அண்ணன் விளக்குமாற்றுக் கட்டையால் முட்டி முட்டி விட, ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் குடம் குடமாகக் கவிழ்ந்தது. வாழைமரம் சாய்ந்தது. நானே வரவழைத்த வினை, சம்பந்தி வீட்டார் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அப்போதுதான் இந்த ஊர் தன் வித்தையைக் காட்டியது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. எதிர்வீட்டு அங்கிள் லிம், அன்றைக்கு வாளி எடுத்தவர்தான், தன் காரை மழைக்குள் வெளியே எடுத்துவிட்டு கேட்டை விரியத் திறந்தார். கக் ரோஹானியின் கேட்டும் திறந்தது. வரிசையில் எல்லாக் கேட்டும் திறந்தது. நாற்காலிகள் கைமாறி, குட்டைச் சுவர்களைத் தாண்டிப் போயின. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, சீர்த்தட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கி, பக்கத்தில் ஆளுக்கொரு குடை பிடிக்க, தண்ணீரில் அளைந்து வந்தார்கள். பிரியாணி அண்டா கக் வீட்டுக்குப் போனது, நாதஸ்வரக்காரர்கள் எங்கள் போர்ச்சில், ஐயர் லிம் வீட்டில்.

நான் சம்பந்தி அம்மாளிடம் போய்க் கையைப் பிசைந்தேன். "மன்னிச்சிருங்க, நேரம் பார்த்ததுல..."

அவர் பட்டுப்புடவையைப் பிழிந்துகொண்டே சிரித்தார். "எதுக்கு மன்னிப்பு? மழை வேற யாரு? பத்திரிகை வைக்காம வர்ற சொந்தம் லா. எங்க கல்யாணத்துல டென்டே பறந்து போச்சு, தெரியுமா? ஐயரே, நீங்க ஆரம்பிங்க!"

அங்கிள் லிம் வீட்டு வாசலில் தொங்கிய சிவப்புச் சீன விளக்குக்குக் கீழே தட்டு மாற்றினோம். மழைச் சத்தத்தில் ஐயர் சொன்ன மந்திரம் ஒன்றும் கேட்கவில்லை. தலை முதல் கால் வரை நனைந்து நின்ற அண்ணன், தாய்மாமனாகத் தட்டை வாங்கினான். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு சிரிப்பு இல்லை.

தட்டு மாற்றிய கையோடு ரோட்டில் இறங்கி, டென்ட்டின் ஓரத்தில் நின்று ஊருக்குப் போன் போட்டான். "கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை மழைக்கு நேரே நீட்டிப் பிடித்தான். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தான். பிறகு காதில் வைத்தான். மதினி ஏதோ சொன்னாள். "ஒரு பொட்டு கூடவா இல்ல?" என்று கேட்டான். போனை இடுப்பில் செருகிக்கொண்டு மழையிலேயே நின்றான்.

"மா, மாமா ஏன் அழறாரு?" என்று தாரணி என்னிடம் கேட்டாள். மழையில் அழுகை தெரியாது என்பார்கள், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். மிளகாயைப் பிடுங்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல் மழைக்குள் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றாள். எனக்கு அந்த நிமிடம் நெஞ்சு நிறைந்துவிட்டது.

தன் வைத்தியம் பலிக்காததற்குக் கக் ரோஹானி ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "தாரணி நடும்போது மனசெல்லாம் ரூபனிடம். அப்புறம் எப்படி நிற்கும்?" என்றார். நாங்கள் இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

7

அண்ணன் ஊர் திரும்பினான். கார்த்திகை காய்ந்தே முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டான். "வெயிலுக்கு வாடக தர்றாய்ங்க லெச்சுமி. இத்தன வருசம் சும்மாவுல காஞ்சோம்" என்று போனில் சிரித்தான். நானும் சிரித்தேன்.

கேட் ஓரத்தில் புல்லோடு புல்லாக எதுவோ முளைத்திருப்பதை முதலில் பார்த்தவர் கக் ரோஹானிதான். அண்ணன் கையிலிருந்து உதிர்ந்த விதை, கூட்டத்தின் காலில் மிதிபட்டு மண்ணுக்குள் போயிருக்கிறது. மழையைத் தடுக்க நட்ட மிளகாய் மழையிலேயே முளைத்துவிட்டது. வீடியோ காலில் காட்டினேன். அண்ணன் மூச்சு விடாமல் பார்த்தான். "இலைய இன்னும் கிட்டத்துல காட்டு" என்றான். "நம்ம காட்டு வெததான். வீட்டுல இருந்த வெதயெல்லாம் வித்துப்புட்டேன். அதுல பழுத்தா எனக்கு ரெண்டு பழம் காயவச்சு வையி. கொல்லப்பக்கம் போட்டுப் பாப்பேன்."

அங்கேதான் வந்தது வில்லங்கம். வறண்ட காட்டுச் செடிக்கு இந்த ஊர் மழை ஆகவில்லை. தளதளவென்று இலை விடுகிறது, பூவும் பூக்கிறது, சாயங்கால மழையில் அத்தனையும் கொட்டிப்போகிறது. பல மாதம் இதே கூத்து. தாரணி இப்போது கல்யாணமாகி அம்பாங்கில் இருக்கிறாள். போன் செய்தால் என்னைக் கேட்பதற்கு முன்னால், "மாமா செடி எப்படி இருக்கு மா? இங்க செம ரெயின், அங்கயுமா?" என்கிறாள். மழையைப் பற்றி என் மகள் தானாகக் கேட்கிறாள், இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

இப்போது மறுபடியும் கார்த்திகை வந்துவிட்டது. போன வாரம் பார்த்தால், இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு மூன்றே மூன்று காய் தப்பிப் பிழைத்திருக்கிறது. குண்டு குண்டாக, சிவக்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் சில நாள் அழுகாமல் நின்றால் போதும், விதை கிடைத்துவிடும்.

இன்று வேலைவிட்டு வந்து கேட்டைத் திறக்கிறேன், ஷா ஆலம் பக்கம் வானம் கறுத்துவிட்டது. பையைத் தரையில் போட்டேன். குடையை விரித்துச் செடிக்கு மேலே பிடித்தேன். கொட்ட ஆரம்பித்தது. என் தோள், முதுகு எல்லாம் நனைகிறது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கக் ரோஹானி, "லட்சுமி, வாளி எடுக்கட்டுமா?" என்று கேட்கிறார். அம்மா அடிப்பாள் என்று இத்தனை வருடமும் சொல்லாமல் இருந்த சொல் வாய்க்குள் வந்து நின்றது. வானத்தைப் பார்த்து, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

"தாயீ, கொஞ்ச நாளைக்கு எங்க ஊருப் பக்கம் போயி பேஞ்சிட்டு வா."